அடைக்கலம் கேளாத நாய்

மகாபாரதத்தின் 17ஆவது பருவத்தில் வரும் நாயை நம்மவர் யாவரும் அறிவர். திரௌபதியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தபின் தருமரோடு எஞ்சியது அது ஒன்றே. நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறும்படி இந்திரன் சொன்னபோது தருமர் மறுத்தார். நாயாக வந்தது தருமதேவதை என்பது பின்னரே வெளிப்பட்டது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அவசரத்தில் நாம் முடிவுக்கு ஓடிவிடுகிறோம். மறுத்த வேளையில் அவருக்கு அது வெறும் நாய்தான்.

டார்னெய்ட்டில் எமது வீட்டுக்கும் இவ்வாண்டு ஒரு நாய் வந்தது. நிரந்தர வீடு கிடைக்கும்வரை பராமரிக்கும்படி ஒரு விலங்குக் காப்பகம் ஒப்படைத்தது. நான்கு வயதுக் கெல்பிக் கலப்பு, பெயர் றோசி. வலிப்பு நோய்க்காரி. காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் பீனோபார்பிட்டோன் குளிசை கொடுக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்புக் கடுமையாகத் திரும்பும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் நடுச்சாமமானாலும் மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும். ஈரலைக் கவனிக்க இடையிடையே இரத்தப் பரிசோதனையும் உண்டு. மருத்துவச் செலவு காப்பகத்தினுடையது. வீடும் நேரமும் எம்முடையவை.

தருமரின் நாய் தானாகப் பின்தொடர்ந்தது. நம்பி வந்ததைக் கைவிடுதல் பாவம் என்பதே அவருடைய வாதம். றோசியோ எம்மை நம்பவில்லை. முதல் மூன்று கிழமையும் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். வீடு உறங்கிய பின்புதான் சாப்பிட்டாள். அடைக்கலமே கேளாத உயிரிடம் எமக்கு என்ன கடமை?

கோயிலில் ஒரு பெரியவர் வேறொன்று கேட்டார். "தம்பி, 2022இல ஊரில சனம் மருந்தில்லாமல் பட்ட பாடு தெரியும்தானே? நாய்க்கு மருந்து குடுக்கிறது வெள்ளைக்காரற்ற பொழுதுபோக்கு." பின்னது சரியன்று. சென்னையில் புளூ கிராஸ் 1959இல் கப்டன் சுந்தரம் என்ற விமானியின் வீட்டில்தான் தொடங்கியது. வைரவருக்கு வாகனம் எது என்பதையும் அவருக்கு நாம் நினைவூட்டத் தேவையில்லை.

முன்னது இலகுவில் தள்ளக்கூடியதன்று. இதே மெல்பேர்ணில் 1946இல் பிறந்த தத்துவ ஆசிரியர் பீட்டர் சிங்கர், 1975இல் வெளிவந்த தம் நூலில், துன்பத்தை உணரும் ஆற்றல் உள்ள உயிரின் துன்பம் கணக்கில் எடுக்கப்பட வேண்டும் என வாதிட்டார். அந்தக் கணக்கை முழுமையாகப் போட்டால் பெரியவர் பக்கமும் நியாயம் உண்டு. எமது நேரமும் பணமும் அதிக துன்பம் உள்ள இடத்துக்கே போகவேண்டும். தொழிலால் கணக்காளராகிய நாம் இதை மறுக்க முடியாது. ஆயினும் எமது புதிய காருக்கும், மகளின் பூப்புனித நீராட்டு மண்டபத்துக்கும் எவரும் இந்தக் கணக்கைக் கேட்டதில்லை. பெரியவர் அந்த விழாவில் நன்றாகவே சாப்பிட்டார்.

உண்மையைச் சொன்னால், தத்துவம் படித்து நாம் இந்த நாயை எடுக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. எமக்கு அப்போது பதினைந்து வயது. வாசலில் நாயை அவிழ்த்துவிட்டு வந்தோம். செம்மணிவரை அது பின்னால் வந்தது. அந்தச் சனத்துக்குள் எங்கே தவறியதென்று தெரியாது. அம்மா திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். அம்மாவைக் குறை சொல்லமுடியாது. இரண்டு கைக்கும் இரண்டு பிள்ளைகள்.

அந்தக் கடனை இன்னொரு நாய்க்குக் கட்டினால் தீருமா? கணக்கியலில் அப்படி ஒரு பதிவு இல்லை. ஒருவர் கடனை வேறொருவர் பெயரில் வரவு வைக்க முடியாது. இதை வீட்டில் சொன்னபோது, "அப்ப குளிசையை நிப்பாட்டுவமோ?" என்று மனைவி கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜீலோங்கிலிருந்து ஒரு குடும்பம் வரும் சனிக்கிழமை றோசியைப் பார்க்க வருகிறது. வலிப்பு வந்த திகதி, நேரம், எத்தனை நிமிடம் என்று எழுதிவைத்த கொப்பியை அவர்களிடம் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறோம். இப்போது பகலிலும் சாப்பிடுகிறாள், நாம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு இருந்தால். அதையும் எழுதியுள்ளோம்.