தேய்ந்த இடம்

ராஜபாளையம் வீட்டு ஹாலில் சோபா குழி விழுந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் தேக்கு ஈசிச்சேர் விலைக்கு வந்தது. வலது கையில் ஓரிடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அதைக் காட்டியே 500 ரூபாய் குறைத்தேன். பணத்தை எண்ணியபடி அந்த அம்மா, "அது அவுக கை வைக்கிற எடம் தம்பி" என்றார்.

ஆண்டாள் சூடிக் களைந்த மாலையைத்தான் பெருமாள் கேட்டார், புதியதை அல்ல என்பது அந்த ஊர்க் கதை. இன்றும் பிரம்மோற்சவக் கருட சேவைக்கு அங்கிருந்து திருமலைக்கு மாலை போகிறது. பழசுக்கு ஆதரவாக இந்தக் கதையை நானும் அடித்துவிட்டிருக்கிறேன். ஆனால் ஆண்டாள் ஆசையாகக் கொடுத்தாள். இந்த அம்மாவுக்குப் பணம் தேவைப்பட்டது. நாற்காலி என்னுடையது, சரி. அந்தப் பள்ளமுமா?

பாலிஷ் போட வந்த ஆசாரி, "இழைச்சா புதுசாயிரும்" என்றார். வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறிப் போய் 500 ரூபாயை நீட்டினேன். "பேசுனா பேசுனதுதான்" என்றார். காபி மட்டும் கொடுத்தார்.