கிழிந்தது என்பது தன்வினை

தமிழில் ஆணுறை எப்போதும் தானாகவே கிழிகிறது. "கிழிஞ்சிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். "கிழிச்சிட்டேன்" என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அந்த வித்தியாசம்தான். மழை பெய்தது, கண்ணாடி உடைந்தது என்பது மாதிரி, செய்தவர் இல்லாத ஒரு செயல். இந்த இலக்கணத்தை அப்படியே ஒத்துக்கொள்ளலாமா?

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். சர்வர் விழுந்தால் மறுநாள் உட்கார்ந்து போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். அதில் ஒரு விதி உண்டு: யார் என்று கேட்கக் கூடாது, எப்படி என்று மட்டும் கேட்க வேண்டும். ஆணுறைக்கும் அப்படி ஒன்று எழுதிப் பார்க்கலாம்.

முதலில் பொருள். லேட்டக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால். அதற்கு எண்ணெயும் ஆகாது, சூடும் ஆகாது. நம் வீடுகளில் கைக்கு முதலில் அகப்படுவது தேங்காய் எண்ணெய். வாசலின், பேபி ஆயில், எண்ணெய் கலந்த லோஷன் எல்லாம் அதே ரகம். பட்ட சில நிமிடங்களிலேயே ரப்பர் வலுவிழக்கத் தொடங்கும், பார்த்தால் ஒன்றும் தெரியாது. வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான ஜெல்தான் சரி. சூட்டைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். அங்கே வைத்த பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதிக்கு அர்த்தமில்லை. பர்ஸும் நல்ல இடமல்ல. உடம்புச் சூடு, உட்காரும்போது விழும் மடிப்பு, உரசல். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆறு மாதம் பர்ஸில் கிடந்ததை நம்பக் கூடாது.

அடுத்து கை. கவரைப் பல்லால் கடிப்பது, நகம், மோதிரம். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றாமல் போடுவது. உள்ளே நிற்கும் குமிழுக்கு அழுத்தம் வரும்போது போக வழி இருக்காது. உள்பக்கம் வெளியே வருமாறு வைத்து, உருளவில்லை என்றதும் அதையே திருப்பிப் போடுவது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு எடுக்க வேண்டும், ஏனென்றால் நுனியில் ஏற்கெனவே திரவம் பட்டிருக்கலாம். இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை இன்ஜினியரிங் முடித்தவர்களிடமே கேட்டிருக்கிறேன்! ரப்பர் மேல் ரப்பர் உரசும், அவ்வளவுதான் லாபம். ஈரமில்லாமல் அவசரப்படுவது இன்னொன்று. ஈரமில்லை என்பதற்குப் பெரும்பாலும் அவள் இன்னும் தயாராகவில்லை என்றுதான் பொருள். காத்திருக்கத் தெரியாததன் விலையை ரப்பர் கொடுக்கிறது. முடிந்ததும், தளர்வதற்கு முன்பே அடிப்பகுதியைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். கிழியாமலே கழன்று உள்ளே தங்கிவிடுவதும் உண்டு.

தொழிற்சாலையைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் சர்வதேசத் தரவிதிப்படி மாதிரிகளை எடுத்துக் காற்றை ஊதி வெடிக்கும்வரை சோதிக்கிறார்கள். வழக்கமான அகலமுள்ள ஆணுறை குறைந்தது 18 லிட்டர் காற்றைத் தாங்க வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். அந்த அளவு வீங்கியும் தாக்குப்பிடிக்கிற ஒன்று, நம் கைக்கு வந்த பிறகு கிழிகிறது.

ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஒரு வருடத்தில் 100 பெண்களில் சுமார் 2 பேர் கருவுறுகிறார்கள். சாதாரண மனிதர்கள் பயன்படுத்துகிற விதத்தில் சுமார் 13 பேர். நடுவிலிருக்கும் 11 பேரில் அவ்வப்போது போடாமலே விட்டவர்களின் துணைவிகளும் அடக்கம். எங்கள் தொழிலில் இதைப் பயனர் பிழை என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. சொல்லிக்கொடுக்காத ஒன்றில் பிழை செய்தவனை மட்டும் எப்படிப் பிடிப்பது?

இந்த ஊரை 1954 வரை ஆண்ட பிரான்ஸ், தன் நாட்டில் ஆணுறை விளம்பரத்தை அனுமதித்ததே 1987இல்தான். இந்தியா 1968லேயே நிரோத்தைக் கொண்டுவந்தது. மூன்று 15 பைசா. ப்ரூக் பாண்டும் லிப்டனும் தேயிலை போட்ட கடைகளிலேயே அதையும் போட்டார்கள். பெட்டிக்கடை வரை பொருள் போய்ச் சேர்ந்தது, பேச்சு போய்ச் சேரவில்லை. இன்றும் மருந்துக்கடையில் கேட்டால், நாம் கேட்காமலே கறுப்பு கவரில் சுற்றித் தருகிறார்கள். உள்ளே மடித்து வைத்த விளக்கத்தாளைப் படித்தவரை நான் சந்தித்ததில்லை.

ஆக, கிழிந்ததற்குப் பழியைப் பலருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஓரளவு மன்னிக்கவும் செய்யலாம். பிரச்சினை அதற்கு அடுத்த நிமிடத்தில் இருக்கிறது. ஒருமுறை நண்பன் ஒருவன் நள்ளிரவில் போன் செய்தான். "கிழிஞ்சிருக்குடா. அவ கவனிக்கல. சொல்லணுமா?" சொன்னால் பயந்துவிடுவாள், ஒன்றும் ஆகாமலும் போகலாம், எதற்கு வீணாக என்பது அவன் வாதம். அன்பாகத்தான் சொன்னான், அதையும் எழுதியாக வேண்டும். ஆனால் கழற்றுகிறவன் கண்ணில்தான் முதலில் படுகிறது, விளைவோ அவள் உடம்பில். அவசர கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள். எச்ஐவி பயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் 28 நாள் மருந்தைத் தொடங்க வேண்டும். அவன் யோசிக்க எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மணியும் அவள் கணக்கில் கழிகிறது. மறுநாள் காலை சொன்னான்.

போஸ்ட்மார்ட்டத்தில் யார் என்று கேட்காததற்குக் காரணம் கருணை அல்ல. கேட்டால் அடுத்த முறை மறைப்பார்கள். உடனே சொல்வதற்கு ஈடாகத்தான் மன்னிப்பு. சொல்லாதவன் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே போய்விடுகிறான்.

சொன்ன பிறகும் பாதை சுலபமில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கச் சட்டம் அனுமதிக்கும் அந்த மாத்திரை தமிழ்நாட்டின் பல மருந்துக்கடைகளில் கிடைப்பதில்லை என்று வருடக்கணக்காகச் செய்தி வருகிறது. கடைக்காரர்கள் முகத்தைப் பார்க்காமல் "இல்ல" என்கிறார்கள். வீக்கெண்டுக்குப் புதுச்சேரி வந்து திங்கட்கிழமை சென்னை திரும்பும் ஜோடிக்கு அந்த "இல்ல"வில் ஒரு நாள் போகும்.

சட்டம் ஆச்சரியமாக இந்தக் கிழிசலை அறிந்திருக்கிறது. 1971இன் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடைச் சாதனம் தோற்று உண்டான கர்ப்பத்தின் வேதனையைப் பெண்ணின் மனநலத்துக்கு நேரும் கடும் பாதிப்பாகக் கொள்ளலாம் என்றது. ஆனால் மணமான பெண், அவள் கணவன் என்றுதான் எழுதியது. 50 வருடம், சட்டத்தின் கண்ணில் தம்பதிகளுக்கு மட்டுமே ஆணுறை கிழிந்தது. 2021 திருத்தம் அதை எந்தப் பெண்ணும் அவள் துணைவரும் என்று மாற்றியது. அந்தச் சொற்களைப் பயன்படுத்திக்கொள்ள, கிழிந்தது என்பது முதலில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.