உண்ணாநோன்பும் மாநில எல்லையும்

மொழிவழித் தனி மாநிலம் கோரி ஒருவர் உணவைத் துறந்து உயிரையும் விடும்போது, அந்தச் சாவு அவருடைய கோரிக்கையை அறமாக்குகிறதா என்ற கேள்வியை அரசியல் மட்டும் தீர்த்துவிட முடியாது. சமயமும் மெய்யியலும் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவை. இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் சென்னை. 1952 அக்டோபர் 19 அன்று மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில் உண்ணாநோன்பைத் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு, டிசம்பர் 15 இரவு உயிர்நீத்தார்; அவர் கோரிய ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1 அன்று தோன்றியது. அந்தக் கோரிக்கையோடு சென்னை நகரும் சேர்த்தே பேசப்பட்டதால், நகருக்கு மேற்கே அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களின் வருங்காலமும் அந்த நோன்பின் முடிவோடு பிணைந்திருந்தது.

உண்ணாமையால் உடலை விடுவது தமிழ் மரபுக்குப் புதியதன்று. சங்க இலக்கியம் குறிப்பிடும் வடக்கிருத்தல் என்னும் நோன்பில், மானத்தின் பொருட்டோ நட்பின் பொருட்டோ உயிர்விடத் துணிந்தவர் வடதிசை நோக்கி அமர்ந்து உணவை ஒழிப்பார். கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு நேர்ந்த பகைக்குப் பின் அவ்வாறு அமர்ந்ததும், அவனை முன்பு நேரில் கண்டிராத பிசிராந்தையார் வந்து உடனிருந்து உயிர்விட்டதும் புறநானூற்றால் அறியப்படும் செய்திகள். சமணர் போற்றும் சல்லேகனையோ, முதுமையிலும் தீராப் பிணியிலும் உணவைப் படிப்படியாகக் குறைத்து, உடலோடு பற்றையும் மெலிவித்து, அமைதியாக இறப்பை ஏற்கும் விரதமாகும். இவ்விரு நோன்புகளிலும் நோற்பவர் பிறரிடம் எதையும் கேட்பதில்லை என்பதே அவற்றின் உயிர்நாடி.

இவற்றுக்கு மாறான ஒரு வழக்கமும் இந்நாட்டில் இருந்தது. கடன் கொடுத்தவரோ குறையுடையவரோ எதிராளியின் வாசலில் பட்டினியாக அமர்ந்து, தமக்கு நேரும் கேட்டின் பாவம் அவரையே சேரும் என அஞ்சவைத்துக் காரியம் முடிப்பது தர்ணா எனப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தெய்வச் சினத்துக்கு ஆளாக நேரும் என்று நம்பவைத்து ஒருவரைப் பணியவைப்பதை 508ஆம் பிரிவில் குற்றமாக்கி, வாசலில் தர்ணா இருப்பதையே அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறியது. ஆகவே உண்ணாமை ஒன்றாயினும் அதன் நோக்கம் இரண்டு: ஒன்று தன்னைத் தூய்மை செய்வது, மற்றொன்று பிறரை நெருக்குவது. ஒரு மாநிலத்துக்காக நோற்கும் நோன்பு இவற்றுள் எதைச் சேரும் என்பதே ஆராயத்தக்கது.

காந்தியடிகள் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தார். தம்மிடம் அன்புடையோரைத் திருத்துவதற்கு உண்ணாநோன்பு ஏற்றது என்றும், பகைவரிடமிருந்து உரிமையைப் பறிப்பதற்கு அது ஏற்றதன்று என்றும் அவர் கருதினார். 1939இல் ராஜ்கோட்டில் தாம் மேற்கொண்ட நோன்பில் வற்புறுத்தலின் மாசு கலந்துவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டு, அதனால் கிடைத்த தீர்ப்பின் பயனையும் துறந்தார். காந்தியடிகளின் 1932ஆம் ஆண்டுப் பூனா நோன்பு தம்மீது செலுத்தப்பட்ட நெருக்கடியே என்று கண்டித்த அம்பேத்கர், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, அரசியல் சட்டம் காட்டும் வழிகள் திறந்திருக்கும் நாட்டில் சத்தியாக்கிரகத்துக்கு இடமில்லை என்று வாதிட்டார்.

ஆயினும் அந்த வழிகள் உண்மையாகவே திறந்திருந்தனவா என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். தனி ஆந்திரக் கோரிக்கை 1913இல் பாபட்லாவில் கூடிய முதல் ஆந்திர மாநாட்டிலிருந்தே வளர்ந்துவந்தது. மொழிவழியாகத் தன் மாகாணக் குழுக்களை அமைத்துக்கொண்ட காங்கிரஸ், விடுதலைக்குப் பின் அதே நெறியை நாட்டுக்கு விரிக்கத் தயங்கியது. 1948இல் தார் ஆணையம் மொழிவழி மாகாணங்களை ஏற்கவில்லை. நேரு, வல்லபபாய் பட்டேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவரும் அமைந்த குழு, சென்னை நகரின்மீதுள்ள உரிமையைக் கைவிட்டால் ஆந்திரம் அமையலாம் என்று 1949இல் கூறியும், காலம் கடந்துகொண்டே போயிற்று. இதே கோரிக்கைக்காக 1951இல் சுவாமி சீதாராம் மேற்கொண்ட நோன்பு வினோபாவின் வேண்டுகோளால் முடிந்தது. கோரிக்கை மட்டும் அப்படியே நின்றது. ஸ்ரீராமுலுவின் சாவுக்குப் பின் தெலுங்கு மாவட்டங்களில் கலவரமும் துப்பாக்கிச்சூடும் நிகழ்ந்து மேலும் உயிர்கள் பலியான பிறகே, டிசம்பர் 19 அன்று ஆந்திரம் அமையும் என்ற அறிவிப்பை நேரு வெளியிட்டார். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லால் பெற முடியாததை நான்கு நாள்களில் சாவு பெற்றுத்தந்தது என்றால், குறை நோற்றவரைவிடக் கேளாதிருந்தவர்களையே மிகுதியும் சாரும்.

எனினும் ஸ்ரீராமுலுவின் வாழ்விலேயே இன்னொரு நோன்பு உண்டு. இவ்விரண்டையும் ஒப்பிடும்போது சிக்கலின் வேர் புலப்படும். 1946இல் நெல்லூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிற் கதவு திறக்கவேண்டும் என்று அவர் நோற்றார். கதவு திறந்தால் உள்ளே இருப்பவர் இழப்பது ஒன்றுமில்லை. தம்மோடு ஒரே கடவுளை வழிபடுவோரின் மனச்சான்றையே அந்த நோன்பு நோக்கிற்று. மாநில எல்லையின் இயல்போ வேறு. ஒருவருக்கு அளிக்கப்படும் நிலம் மற்றொருவரிடமிருந்து எடுக்கப்படுகிறது. அங்கு வாழ்வோர் யாருடன் சேர விரும்புகின்றனர் என்பதை நோற்பவரின் துன்பம் அறிவிக்க இயலாது. நோன்பு நோற்பவரின் வாய்மைக்குச் சான்றாகலாம். எல்லையின் நீதிக்குச் சான்றாகாது.

இதனை வரலாறே மெய்ப்பித்தது. தமிழரசுக் கழகத்தின் தலைவர் ம.பொ. சிவஞானம் முதலியோர் சென்னை தமிழகத்துக்கே உரியது என்று கிளர்ந்தெழுந்தனர். 1953 மார்ச் 25 அன்று, ஐயத்துக்கிடமற்ற தெலுங்குப் பகுதிகளைக் கொண்டே ஆந்திரம் அமையும் என்று நேரு தெளிவுபடுத்தினார். ஒரே நோன்பு ஆந்திரத்தை ஈந்தும் சென்னையை ஈயவில்லை. நகரில் தெலுங்கு பேசுவோர் கணிசமாக வாழ்ந்தபோதிலும், பெரும்பான்மையினர் தமிழர். சுற்றியிருந்த செங்கல்பட்டு மாவட்டமும் தமிழ்ப் பகுதி. நகருக்கு அன்றாடம் உணவும் உழைப்பும் அளித்துவந்த மேற்குப் புற ஊர்களிலிருந்து நகரை மட்டும் வெட்டியெடுப்பது, எவருடைய தியாகத்தின் பெயரால் செய்யப்பட்டிருந்தாலும், அவ்வூராரின் விருப்பத்தை மிதிப்பதாகவே முடிந்திருக்கும்.

வடக்கெல்லை இன்னும் தெளிவான பாடம். திருத்தணியையும் திருப்பதியையும் தமிழர் தம்முடையவையாகக் கருதியதற்கு, முருகனின் படைவீடு என்ற பக்தியும், தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வடவெல்லையாகக் கொண்ட தொன்மையும் காரணங்களாயின. ம.பொ.சி.யோடு மங்கலங்கிழாரும் கே. விநாயகமும் அப்பகுதியில் நடத்திய போராட்டத்தின் விளைவாக எச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். ஊரை அலகாகக் கொள்ளுதல், மொழிப் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி ஆகிய அளவுகோல்களைக் கொண்டு அவர் பிரித்தமையால், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பொன்னேரிப் பக்கத்துச் சில ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. கடவுள் எந்த மலையில் உறைகிறார் என்பதை அடியாரின் அன்பு முடிவு செய்யலாம். அந்த மலையடிவாரத்து ஊரை யார் ஆளவேண்டும் என்பதை அங்கு வாழும் மக்களே முடிவு செய்யவேண்டும். அம்பத்தூரும் ஆவடியும் கடந்து திருத்தணிக்குச் செல்லும் அடியார் மாநில எல்லையைக் கடக்காமலும், திருப்பதிக்குச் செல்வோர் கடந்தும் வழிபடுகின்றனர். இருவர் பக்தியிலும் குறைவில்லை.

வெற்றியைக் கொண்டு நோன்பை மதிப்பிடுவதும் பிழை. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956இல் விருதுநகரில் நோற்ற சங்கரலிங்கனார், 76 நாள்களுக்குப் பின் அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். அன்றைய அரசு பெயரை மாற்றவில்லை. மக்கள் தேர்ந்த சட்டமன்றம் முடிவெடுத்த பின், 1969 ஜனவரி 14 அன்று அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. அவர் இறந்தபோது அக்கோரிக்கை நீதியற்றதாக இருந்து, 1969இல் நீதியாக மாறிவிடவில்லை. அதன் நீதி, மக்கள் தாம் விரும்பும் பெயரால் தம்மை அழைத்துக்கொள்ளும் உரிமையில் தொடக்கம் முதலே இருந்தது.

ஆகவே தவத்தின் இடமும் அரசியலின் இடமும் பிரித்து உணரப்படவேண்டும். தவம் உறங்கும் மனச்சான்றை எழுப்பலாம். எல்லை வகுக்கும் உரிமை அதற்கு இல்லை. அவ்வுரிமை அந்தந்த மண்ணில் வாழ்வோரின் இசைவுக்கும், அவர்களிடையே சிறுபான்மையாக வாழும் அயல்மொழியாளரின் பாதுகாப்புக்கும் கட்டுப்பட்டது. 1955இல் மொழிவழி மாநிலங்களைப் பற்றி எழுதிய அம்பேத்கர், பெரும்பான்மைச் சாதியின் ஆட்சியின்கீழ்ச் சிறிய சமூகங்கள் நசுங்கக்கூடும் என்று அஞ்சியதும் இங்கு நினைக்கத்தக்கது. உயிர்த்தியாகம் செய்தவரை வணங்குவது மக்களின் கடமை. நியாயமான ஒரு கோரிக்கை நிறைவேற ஒருவர் சாகவேண்டும் என்ற நிலையே எழாதவாறு காலத்தில் செவிசாய்ப்பது ஆட்சியாளரின் கடமை. இவ்விரண்டில் பின்னதே பேரறம்.