பொக்கிஷமா, அமானத்தா?

பொன்னைச் சேர்த்து வைப்பது குற்றமா என்னும் வினாவைத் தனிமனிதரைக் குறித்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒரு நாடு சேர்த்து வைத்தால் அதனை என்னென்பது?

அரபியில் பொன்னுக்குத் 'தஹப்' என்று பெயர். 'சென்றான்' என்னும் வினையும் அவ்வேரெழுத்துக்களையே உடையது. 1991இல் இந்நாட்டுப் பொன்னும் சென்றது. சில வார இறக்குமதிக்கே அந்நியச் செலாவணி எஞ்சியிருந்த அந்நாளில், ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் பொன்னை ஈடுகாட்டி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் சுமார் 40 கோடி டாலர் கடன் பெற்றது. பலர் அதனை அவமானம் என்றனர். இக்கட்டில் உதவாத பொன்னால் பயன் யாது என்றே நாம் கேட்போம்.

பின்னர் நிலை மாறியது. 2009இல் பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் வாங்கப்பட்டது. 2022இல் ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பு முடக்கப்பட்டதும், பிறர் ஏட்டிலுள்ள செல்வம் பிறர் மனம் மாறினால் எட்டாது என்பதைப் பல நாடுகளும் உணர்ந்தன. 2025 மார்ச் இறுதியில் நம் ரிசர்வ் வங்கியின் பொன் ஏறத்தாழ 880 டன். கையிருப்பில் அதன் பங்கு, விலையேற்றமும் சேர, ஓராண்டில் 8 சதவீதத்திலிருந்து 11 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது.

"பெட்டகத்துப் பொன்னால் எனக்கென்ன?" என்று ஏழை கேட்பது நியாயமே. ஆனால் செலாவணி வற்றினால் எண்ணெயும் உரமும் விலையேறும். அச்சுமை முதலில் அவன் தலையிலேயே விழும்.

ஸகாத் கொடாமல் பதுக்கிய செல்வமே 'கன்ஸ்' என்பது பெரும்பாலான மார்க்க அறிஞரின் விளக்கம். பொதுக் கருவூலத்துக்குத் தனி உடைமையாளர் இல்லை. ஆகவே ஸகாத்தும் இல்லை. ஆயினும் அது அமானத். யூசுஃப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஆண்டுகளில் தானியத்தைச் சேமிக்கச் செய்தது பஞ்ச காலத்தில் பகிர்ந்தளிக்கவே அன்றோ? குற்றாலச் சாரலில் பெருகும் சிற்றாற்று நீர் தென்காசிப் பக்கத்துக் குளங்களில் தேங்குவதை எந்த உழவனும் கஞ்சத்தனம் என்னான். பயிர் வாடும்போது மடை திறவாமையே குற்றம். ஆள்வோர் தம் வீண்செலவை மூட மடையைத் திறப்பதும் அதற்குக் குறைந்த குற்றமன்று.

இவ்வளவுகோல் நம் இல்லங்களுக்கும் உரியது. அணியாமல் பெட்டியிலே சேர்த்து வைத்த பொன் ஏறத்தாழ 11 பவுனை எட்டி, ஓராண்டும் நிறைந்தால், நாற்பதில் ஒரு பங்கு ஏழைக்குரியது. அரசிடம் கணக்குக் கேட்கும் நாம், அப்பங்கைக் கொடுத்துவிட்டுக் கேட்போமாக.