குழந்தைகளிடமிருந்து எதை மறைக்கிறோம்?

குழந்தைகளுக்கு எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்னும் வினா கல்வியிலே கருத்துடையோர் அனைவரையும் நெடுங்காலமாக அலைக்கழித்து வருவது. கொடுமையைக் கண்டாற் பிஞ்சு உள்ளம் அஞ்சி வாடிவிடும் என்பர் ஒருசாரார். உண்மையறியாது வளரும் உள்ளம் பொய்க்கு எளிதில் இரையாகும் என்பர் மற்றொரு சாரார். இதற்குப் பொதுவிதி வகுக்க முற்படுவதிலும் பார்க்க, ஒரு நூலை முன்வைத்து ஆராய்தல் பயன்தரும் என எண்ணுகிறோம். 'வெறுங்காற் கென்' என்னும் யப்பானியச் சித்திரக்கதை அதற்கு ஏற்றது.

'மங்கா' எனப்படும் யப்பானியச் சித்திரக்கதைகளும், அவற்றைத் தழுவி எழும் 'அனிமே' என்னும் இயங்கு சித்திரப் படங்களும் இன்று உலகெங்கும் இளைஞரைக் கவர்ந்துள்ளன. அவற்றுட் பல விற்பனைக்கென்றே ஆக்கப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆயின், ஒரு கலைவடிவத்தைச் சந்தை பயன்படுத்துகிறது என்பதற்காக அவ்வடிவத்தையே நசிவுக் கலை என்று தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது.

நூலாசிரியர் நக்கஸாவா கெய்ஜி 1939இல் ஹிரோஷிமாவிற் பிறந்தவர். 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி அந்நகரின்மீது அணுகுண்டு வீழ்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பாடசாலையின் மதில் அவரைக் காத்தது. தந்தையும் தமக்கையும் தம்பியும் மாண்டனர். நிறைகர்ப்பிணியாயிருந்த தாய் அன்றே ஒரு பெண்மகவை ஈன்றாள். அம்மகவும் சில மாதங்களுள் இறந்தது. 1966இல் தாய் இறந்தபோது, எரித்த உடலிலிருந்து பொறுக்கியெடுக்க எலும்புகள்கூட மிஞ்சாமை கண்டு கொண்ட சினமே, அதுவரை குண்டைப் பற்றிப் பேச விரும்பாதிருந்த அவரை அதனைச் சித்திரமாக்கத் தூண்டியது.

1973இல் சிறுவர் வார ஏடாகிய 'ஷோனென் ஜம்ப்'இல் 'கென்' தொடங்கியது. அங்கு அது நீடிக்கவில்லை. பின்னர் அதற்கு இடமளித்த ஏடுகளுள், பொதுவுடைமைக் கட்சி சார்ந்த பண்பாட்டு ஏடொன்றும் யப்பானிய ஆசிரியர் சங்கத்தின் ஏடும் அடங்கும். வணிக ஏடு கைவிட்ட கதையை ஆசிரியர்கள் ஏந்தினர் என்பதை ஆசிரியராகிய நாம் மனங்கொள்ளுதல் தகும்.

1983இல் வெளிவந்த இயங்கு படம் இக்கதையின் முற்பகுதியையே கூறுகிறது. குண்டு வெடிக்கும் கணத்தில் மனித உடல்கள் உருகுவதை அது காட்டும் விதம் எவரையும் நடுங்கவைக்கும். நூலிலே அப்பக்கத்தில் நாம் நின்று சிந்திக்கலாம். திரும்பப் புரட்டிப் பார்க்கலாம். திரையோ நம்மை நிற்கவிடாது. ஆனால், போருக்குப் பொறுப்பாளர் யாவர், மன்னருக்கு அதிற் பங்கில்லையா, யப்பானியப் படை ஆசிய மக்களுக்குச் செய்தது என்ன என்று நூலின் பிற்பகுதி எழுப்பும் கேள்விகள் படத்திலே விரிவுபெறவில்லை. கண்ணை மிகுதியாக அச்சுறுத்தும் படம் மனச்சாட்சியை அந்த அளவுக்கு நெருக்கவில்லை என்றே கூறவேண்டும்.

நூலுக்கு எழுந்த எதிர்ப்பை இவ்வேறுபாட்டோடு ஒப்பிட்டு நோக்குக. நக்கஸாவா இறந்த 2012 டிசம்பரில், மாட்சுயே நகரக் கல்விச் சபையின் அலுவலகம், இந்நூலை மாணவர் தாமாக எடுத்துப் படிக்கமுடியாதவாறு உள்ளறையில் வைக்குமாறு பாடசாலை நூல்நிலையங்களைக் கேட்டது. காரணமாகக் காட்டப்பட்டவை குண்டில் வெந்த உடல்கள் அல்ல; யப்பானியப் படையினர் ஆசிய நாடுகளிற் புரிந்த கொலைகளையும் பெண்களுக்கு இழைத்த கொடுமைகளையும் தீட்டிய பக்கங்கள். எதிர்ப்புக் கிளம்பவே, 2013 ஆகஸ்டில் அவ்வேண்டுகோள் மீளப்பெறப்பட்டது.

அப்பக்கங்கள் சிறுவருக்குக் கடினமானவை என்பதை நாம் மறுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் கையில் அவற்றைத் துணையின்றிக் கொடுத்துவிட்டு அகலுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆயின், நம்மவர் பட்ட துன்பத்தைக் காட்டலாம், நம்மவர் செய்த துன்பத்தைக் காட்டலாகாது என்னும் அளவுகோல் குழந்தையின் உள்ளத்தைக் காப்பதன்று. அது தேசத்தின் பெருமிதத்தைக் காப்பது. தான் பாதிக்கப்பட்டவன் என்பதை மாத்திரம் கற்ற பிள்ளை, பிறர் நோவைக் கணக்கிலெடுக்காத மனிதனாக வளர்தல் கூடும்.

2023இல் ஹிரோஷிமா நகரக் கல்விச் சபை தனது சமாதானக் கல்விப் பாடநூலிலிருந்து இக்கதையின் பகுதியை நீக்கியது. நோயுற்ற தாய்க்கு ஊட்டுவதற்காகக் கென் பிறர் குளத்து மீனைத் திருடும் காட்சி, பிள்ளைகள் தவறாக விளங்கிக்கொள்ள இடந்தரும் எனப்பட்டது. திருட்டு குற்றம் என்பதை எந்தப் பிள்ளையும் அறியும். கர்ப்பிணித் தாய் உணவின்றி மெலிய, அயலிலே ஒரு வீட்டுக் குளத்தில் மீன்கள் அழகுக்காக வளர்க்கப்படுவது எவ்வாறு நேர்ந்தது என்பதையே பிள்ளைக்கு எடுத்துரைக்க வேண்டும். அறம் பயிற்றுதற்கு இதனினும் சிறந்த காட்சி கிடைத்தல் அரிது. அதை நீக்கியதால் வகுப்பறை இழந்தது அந்தக் கேள்வியையே.

ஆகவே, எத்துணை இரத்தம் சித்திரத்தில் உள்ளது என்று அளப்பதை விடுத்து, அக்கொடுமை இரசனைக்காகத் தீட்டப்பட்டதா, அதன் காரணத்தை நாடத் தூண்டுகிறதா என்று நாம் வினவல் வேண்டும். முன்னையது வன்முறையைப் பண்டமாக்குகிறது. அதை நாம் எதிர்ப்போம். பின்னையதைப் பிள்ளைகளோடு அமர்ந்து, பக்கம் பக்கமாக, அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு அஞ்சாது படித்தல் நம் கடமை. மிதிபட்டும் நிமிரும் கோதுமைப் பயிரைப்போல வளருமாறு கென்னுக்கு அவன் தந்தை கற்பிக்கிறான். வெயிலும் மழையும் படாது மூடிவைத்த பயிர் அவ்வாறு நிமிர்வதில்லை.