கால்கள் பணியலாம், கருத்து?



பகுத்தறிவாளன் படைவீரனாகலாமா? ஏன், எதற்கு என்று கேட்பவன் பகுத்தறிவாளன். ஏவியதைக் கேளாமல் செய்பவன் படைவீரன் என்கின்றனர். கேள்வியைக் கிள்ளி எறிந்தால்தான் சீருடை கிடைக்குமா? கிடைக்குமெனில், அந்தச் சீருடை பெருமையா, பெருஞ்சுமையா?

ஏட்டளவில் நிற்கும் வினா அன்று இது. காசிமேட்டுத் துறையில் மீன்கூடைகள் இறங்கும் வைகறையில், இராயபுரத்துக் கடலோரச் சாலையில் இளைஞர் பலர் ஓடிப் பழகக் காண்கிறேன். என்னிடம் பயின்றவர்களும் அவர்களிலே உண்டு. துறைமுகத்துச் சுமை தந்தையர் தோளில். படையில் சேரும் கனவு பிள்ளைகள் நெஞ்சில்! 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. கம்பியைப் பற்றி 10 முறை உடலை உயர்த்தினால் 40. 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். ஒடுங்கிய பலகைமீது தடுமாறாது நடக்க வேண்டும். இத்தனையும் வாயிற்படி மட்டுமே. வீட்டின் உள்ளே நடப்பது வேறு.

குன்னூரை அடுத்த வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. இத்தகைய மையங்களில் புதியவனுக்குப் பொழுது புலருமுன்பே பணி தொடங்கும்: ஓட்டம், கவாத்து, கயிறேற்றம், முதுகில் சுமையோடு நெடுநடை. கட்டளைகளோ இந்தியில்! 'சாவ்தான்' என்னும் சொல்லின் பொருள் தமிழ் இளைஞனின் அறிவுக்கு எட்டுமுன்பே அவனுடைய குதிகால்கள் ஒட்டிக்கொள்கின்றன. பயிற்சியின் மருமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: கருத்து வந்து சேருமுன் கால்கள் பணிந்துவிட வேண்டும்.

அடிமைத்தனமே இது என்று ஆத்திரப்படத் தோன்றும். ஆத்திரம் வேண்டா, ஆராய்வோம். புயலில் சிக்கிய படகிலே, "வலையை அறுத்துவிடு" என்று படகோட்டி கூவுகிறார். காரணம் கேட்டு நிற்பவன் தானும் மூழ்குவான், தோழர்களையும் மூழ்கடிப்பான். அறுப்பவனை அடிமை என்போமா? அச்சம் வந்தால் உடல் உறைகிறது. களைப்பு வந்தால் உள்ளம் சாய்கிறது. பழகிய உடல் அச்சத்தையும் களைப்பையும் மீறி நிற்கிறது. அந்த அளவில் கவாத்து மனிதனைத் தாழ்த்தவில்லை. அவன் உடலை அவனுக்கே உடைமையாக்குகிறது.

ஆனால் அந்த அளவு எது? எல்லையை யார் வகுப்பது?

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் இரவு அமெரிக்காவின் பாரிஸ் தீவில் நடந்ததைக் கேளுங்கள். கடற்படைவீரர்ப் பயிற்சி முகாம் அது. ஒழுங்கு கற்பிப்பதாகச் சொல்லிப் பயிற்றுநர் ஒருவர் புதியவர்களை இருளில் கழிமுகத்து நீருக்குள் நடத்திச் சென்றார். சென்றார்கள், தயங்காமல்! ஆறு இளைஞர் மூழ்கி மாண்டனர். பகைவன் எவனும் அங்கில்லை, போரும் இல்லை. கவனக்குறைவால் உயிர்கள் பலியாகக் காரணமானவர் என்று படைத்துறை நீதிமன்றம் அப்பயிற்றுநரைத் தண்டித்தது. பயிற்சியின்மீது மேற்பார்வையும் இறுக்கப்பட்டது. நல்லதே. போன உயிர்கள் போனவைதாம்!

கேளாமல் பணிவோன் தன்னைப் பலியிடுவதோடு நின்றால் ஒருவாறு பொறுக்கலாம், பிறரையும் பலியிடுகிறான். 1919 ஏப்ரல் 13, சாலியன்வாலா பாக். டயர் ஆணையிட்டான், இந்தியப் படையின் சிப்பாய்கள் சுட்டனர். ஏறத்தாழ 10 நிமிடத்தில் 1,650 குண்டுகள்! மாண்டோர் 379 பேர் என்றது அரசுக் கணக்கே.

பதினொராண்டு கழிந்தது. 1930 ஏப்ரல் 23, பெசாவர். நிராயுதபாணிகளான மக்கள்மீது சுடச் சொன்னபோது கர்வால் ரைபிள்ஸ் படையினர் மறுத்தனர். அவர்களும் அதே பேரரசின் படையினர், அதே கவாத்தில் தேய்ந்த கால்கள், அதே துப்பாக்கி. எனினும் விரல் அசையவில்லை! மறுப்புக்கு விலையும் கொடுத்தனர்: சந்திரசிங் கர்வாலிக்கு ஆயுள் தண்டனை, தோழர்கள் பலர்க்குச் சிறை. மனச்சான்று இலவசமாகக் கிடைப்பதன்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

இன்றைய சட்டமும் பேசாமல் இல்லை. 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்து 41ஆம் பிரிவு கீழ்ப்படியாமையைத் தண்டிக்கிறது. ஆயினும் எந்தக் கட்டளைக்கு? சட்டப்படியான கட்டளைக்கு! அந்த ஒரு சொல்லில் ஒரு சாளரம் திறந்திருக்கிறது. கட்டளை சட்டப்படியானதா என்று காண்பதற்குக் கண் வேண்டுமே! துப்பாக்கியின் விசைமேல் விரல் இருக்கும் நொடியில் அந்தக் கண்ணைத் தேட முடியுமா?

முடியாது. முன்பே பெற்றிருக்க வேண்டும். படையில் சேரும் வயது பதினேழரையில் தொடங்குகிறது. பயிற்சி மையத்தின் கையில் அந்த இளைஞன் இருப்பது சில மாதங்கள். பள்ளியின் கையில் பன்னிரண்டு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் கேள்வி கேட்ட பிள்ளையைப் பெஞ்சின்மேல் ஏற்றிவிட்டு, "படை அவனை எந்திரமாக்கிவிட்டது" என்று பின்னர்ப் புலம்புவதில் பொருளென்ன? எந்திரத்தின் முதல் திருகாணியை முடுக்கியவர்கள் நாமல்லவா!

இராயபுரத்துக்கு இதில் இன்னும் ஒரு கவலை உண்டு. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டம், நான்காண்டுப் பணிக்குப் பின் 25 விழுக்காட்டினரை மட்டுமே நிலையான பணிக்குக் கொள்வதாகக் கூறியது. அவ்வாறாயின், நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் இதே தெருக்களுக்குத் திரும்புவர், இரும்பான உடலோடு. சாதிச் சண்டைக்கு ஆள்திரட்டுவோனும் கூலிக்கு அடியாள் தேடுவோனும் அந்த உடலுக்காகத் தெருமுனையில் காத்திருப்பர். "ஏன் அடிக்க வேண்டும்?" என்று கேட்கும் நா அவனுக்கு இருக்குமா?

ஓடுங்கள் இளைஞர்களே, நன்றாக ஓடுங்கள்! மார்பு விரியட்டும், கால்கள் உரம் பெறட்டும். ஓடி முடித்த பின் படிப்பகத்தின் படியும் ஏறுங்கள். கட்டளைக்குக் காலைக் கொடுங்கள். கருத்தை மட்டும் எவரிடமும் அடகு வைக்காதீர்கள்!