புகார் சொல்ல முடியாதவர்கள்

தொண்டு நிறுவனத்தில் வேலை என்று சொன்னால் ஊரில் இரண்டில் ஒன்றாகத்தான் நினைப்பார்கள்: சம்பளம் வாங்காத சாமியார், அல்லது வெளிநாட்டுக் காசில் ஜீப்பில் சுற்றுகிறவன். மாதக் கடைசியில் வாடகைக்குக் கையைப் பிசையும் சம்பளக்காரன் என்று யாருக்கும் தோன்றாது. பெண் கேட்டுப் போன வீட்டில், "நல்ல காரியம்தான் தம்பி, ஆனா நிரந்தரமா என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் பெண்ணின் தாய்மாமன். நியாயமான கேள்வி. ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறக்கினார்கள். கணக்கரின் சம்பளமும் அலுவலக வாடகையும் அதற்குள்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும் பல நாடுகளில் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இதெல்லாம் வெளியே தெரிகிற கஷ்டம். உள்ளே இன்னொன்று இருக்கிறது. டீ சரியில்லை என்றால் மறுநாள் அடுத்த கடைக்குப் போகிறோம். எங்கள் தொழிலில் குடிப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். குடிப்பவருக்கு வேறு கடையும் கிடையாது. எதைக் கொடுத்தாலும் கும்பிடுகிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கும்பிடு இனிக்கும். ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்: கொடுத்தது அவருக்குத் தேவைதானா என்று கேட்கத் தோன்றாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. அடுத்தவர் உடுத்திக் கழித்ததைத் தொட மீனவக் குடும்பங்களுக்கு மனமில்லை. துணி சாலையோரம் மலைமலையாகக் கிடந்தது. பிறகு வந்தவை ஃபைபர் படகுகள். படகில் பெயர் எழுதலாம், போட்டோ எடுக்கலாம், ஆண்டறிக்கையின் அட்டையில் போடலாம். சில ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்தன. படகில் கூலிக்குப் போனவர்கள், கூடை சுமந்து மீன் விற்ற பெண்கள், உப்பேறிய வயலில் வேலை இழந்த தலித் கூலிகள் எல்லாம் வரிசையின் கடைசியில் நின்றார்கள். இழந்ததாகக் காட்ட அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்குப் பிடித்த ஒரு செயல், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு செய்தது. சுனாமிக்கென்று தேவையான பணம் வந்துவிட்டது, இனி இதற்காக அனுப்ப வேண்டாம் என்று 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். சக நிறுவனங்களுக்குக் கோபம். இருக்காதா? வந்த பணத்தைச் செலவழித்துக் காட்டுவதற்காகவே தேவையைத் தேடி அலைகிற தொழிலில் "போதும்" என்று சொல்வது கிட்டத்தட்டத் துரோகம்.

அப்படியானால் ஏன் இன்னும் இதிலேயே இருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். பிறந்த ஊரில் நான் கால் வைத்திராத, கால் வைக்க வேண்டாம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட தெருக்களில், இந்த வேலைதான் என்னைத் திண்ணையில் உட்கார்ந்து பேச வைத்தது. வேறு எந்தச் சம்பளமும் அதைத் தந்திருக்காது. இன்னொரு சந்தோஷம் வாரிசுச் சான்றிதழ். கணவனைக் கடலில் பறிகொடுத்த பெண்ணோடு வி.ஏ.ஓ. அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் காத்திருந்து, மாமியார் வீட்டுச் சண்டையையும் கேட்டு, கடைசியில் முத்திரை விழுந்த தாளை அவள் கையில் வாங்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை எழுத எந்த ரிப்போர்ட்டிலும் கட்டம் கிடையாது. இப்படி ஒருமுறை காத்திருந்தபோதுதான் மீன் விற்கும் அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "படகு வச்சிருந்தவனுக்குப் படகு குடுத்தீங்க. கூடை சுமந்த எனக்கு என்ன குடுத்தீங்க சார்?" சுற்றியிருந்தவர்கள் அவரை அடக்கப் பார்த்தார்கள். எத்தனையோ கும்பிடுகளுக்குப் பிறகு, என்னை ஒரு வேலைக்காரனாக மதித்து அவர்தான் கணக்குக் கேட்டார்.

இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்கும் பிள்ளைகளிடம் தியாகத்தைப் பற்றி நான் பேசுவதில்லை. பி.எஃப். பிடிக்கிறார்களா, ப்ராஜெக்ட் எப்போது முடிகிறது என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன். அப்புறம் இண்டர்வியூவில் நிறுவனத்தாரிடமே கேட்க வேண்டியது ஒன்று: ஊர்க்காரர்கள் புகார் சொல்லி நீங்கள் கடைசியாக மாற்றிய விஷயம் எது? அதற்குத் தயங்காமல் பதில் வந்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேரலாம்.